ஒரே ஒரு பீப்

கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் நடுவில் ஒரு கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து, மூன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பகல். வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அடுப்பில் ரீட்டா கொண்டுவந்த கறிக்குழம்பு சூடாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, போஸ்ட்மார்ட்டமா?" என்று கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார்.

நாங்கள் மூன்று பேருமே ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் செய்தவர்கள். இதைச் சொன்னால் எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். லாரி லாரியாகச் செய்து அனுப்பினோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எங்களில் ஒருத்திகூட ஒரு கம்ப்யூட்டரை முழுசாகப் பிரித்ததில்லை, முழுசாகப் பூட்டியதும் இல்லை. அது எப்படி என்று கேட்பீர்கள்.

ஆளுக்கு ஒரு வேலை

இந்தத் தொடரை இந்த வாரம் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் கம்பெனி இருந்தது. இப்போது அதே கட்டடத்தில் வேறு யாரோ வேறு ஏதோ செய்கிறார்கள். காம்பவுண்டுச் சுவருக்குக்கூட வேறு நிறம் அடித்துவிட்டார்கள்.

உள்ளே நீளமாக ஒரு பெல்ட் ஓடும். வெறும் தகரப் பெட்டியாக ஒரு முனையில் ஏறுகிற கேபினெட், மறு முனையில் கம்ப்யூட்டராக இறங்கும். சுங்குவார்சத்திரத்துக் குமுதா, கரண்ட் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற சப்ளைப் பெட்டியை மாட்டுவாள். அடுத்து சேரப்பணஞ்சேரி ரீட்டா, மதர்போர்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவாள். மூன்றாவது நான். ராம் என்று சின்னப் பட்டை ஒன்று உண்டு. அதைப் பள்ளத்தில் நிறுத்தி இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினால், இரண்டு பக்கமும் கிளிப் 'டக்'கென்று விழும். அவ்வளவுதான் என் உத்தியோகம். எனக்கு அடுத்து நாகம்மா வயர்களைச் சொருகுவாள். அதற்கப்புறம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், டெஸ்டிங்கில், இசக்கி.

லைனில் ஒரு சட்டம் இருந்தது. பக்கத்து ஸ்டேஷன் வேலையில் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் நாகம்மா விடாமல் தும்முகிறாளே என்று அவளுக்காக ஒரு வயரை நான் சொருகிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "உனக்கு ராம் குடுத்தா ராம மட்டும் பாரு. அவ வேலய நீ செஞ்சு தப்பு வந்தா, நான் யாரப் போயி கேக்கறது?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். எனக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. அன்றிலிருந்து என் கை என் ஸ்டேஷனைத் தாண்டியதில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான். சேர்ந்து நின்றால் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் தெரியும். தனியாக ஒருத்திக்கும் தெரியாது.

சிவப்பு ஸ்டிக்கர்

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் அவள் ஊர்ப் பெண்களோடு தங்கியிருந்தாள். எண்ணெய் வழிய வாரிய தலை, பெரிய கண், ஒல்லி உடம்பு. பார்த்தால் வாய் பேசாத பிள்ளை மாதிரி இருக்கும். பேசினால்தான் தெரியும்.

அவள் வேலை காதால் செய்கிற வேலை. பூட்டி முடித்த பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பாள். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் அது சின்னதாக ஒரே ஒரு தடவை 'பீப்' என்று சொல்லும். எங்கேயாவது கோளாறு என்றால் நீளமாகக் கத்தும், இல்லை விட்டு விட்டுக் கத்தும். கத்துகிற தினுசை வைத்து நோய் எங்கே என்று சொல்லிவிடலாம். ஏசி இரைச்சல், பெல்ட் இரைச்சல், ஸ்க்ரூ மெஷின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில், நாலைந்து பெட்டிகள் ஒன்றாகக் குரல் கொடுத்தாலும், எது நலம் எது நலமில்லை என்று அவளுக்குத் தெரியும். நலமான பெட்டிக்கு, "பாஸ், அடுத்தத தள்ளுங்க" என்று குரல் கொடுப்பாள்.

நலமில்லாத பெட்டிக்கு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். வந்த புதிதில் எனக்குத்தான் அதிகம் ஒட்டினாள். "ஒரு பக்கத்துக் கிளிப்பு விழலக்கா" என்பாள். "நீ இங்க வந்து மாட்டிப் பாரு, அப்ப தெரியும்" என்று நான் எகிறினேன். அன்றைக்குக் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தன் அப்பளத்தை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள். "கோவம்னா சோத்துல காட்டாதிய" என்றாள். அதற்கப்புறம் அவள் இல்லாமல் நான் கேன்டீனில் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள். தங்கை என்றால் என்ன என்று இசக்கியிடம்தான் தெரிந்துகொண்டேன். எல்லா ஊரும் சுற்றிப் போகிற கம்பெனி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஸ்டாப் வரும்போது எழுப்பினால், "இப்பத்தானக்கா கண்ண மூடுனேன்" என்று சண்டைக்கு வருவாள். அவள் தலை எண்ணெய் கம்பெனியில் கொடுத்த என் நீலக் கோட்டின் தோளில் வட்டமாக ஒட்டியிருக்கும்.

கடைசி நாள் இல்லாதவள்

கம்பெனி மூடுகிற சமயத்தில் இசக்கி ஊரில் இருந்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக லீவு போட்டுப் போயிருந்தாள். திரும்பி வரும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வாரம்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

எங்களுக்காவது ஒரு கடைசி நாள் கிடைத்தது. கேட் முன்னால் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதோம். குமுதா தன் ஸ்டூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இசக்கிக்கு இது எதுவும் இல்லை. லீவு முடிந்து வர வேலை இல்லை, அதனால் அவள் வரவும் இல்லை. அவள் அறையில் இருந்த துணிப் பெட்டியையும் பக்கெட்டையும் நானும் ரீட்டாவும்தான் கட்டி லாரி பார்சலில் போட்டோம். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டோம். நம்பர் மாறிவிட்டது.

வருஷங்கள் கழித்து எப்படியோ ரீட்டா புது நம்பரைப் பிடித்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பழைய போட்டோக்களைப் போட்டோம். பஸ், கேன்டீன், நீலக் கோட்டு, கேட் முன்னால் அழுத படம். சாயங்காலம் இசக்கியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "பழச பேசாதீங்கக்கா. மனசு தாங்கல." அடுத்து, அவள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள் என்று செல்போன் சொன்னது.

நம்பர் என்னிடம் இருந்தது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டுப் பழசைத் தவிர நான் எதைப் பேசுவது? எங்களுக்குள் இருந்ததே பழசுதானே? அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று அப்படி ஒரு ஏக்கம். கூப்பிட்டு, அவள் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

குங்குமம் குடித்த மெஷின்

இனி போர்வை மேல் கிடந்த கம்ப்யூட்டருக்கு வருகிறேன். கம்பெனி மூடியபோது ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்றுதான் இது. எங்கள் லைனில் போனதா, பக்கத்து லைனில் போனதா என்று தெரியாது. எங்களுடையது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு வயதானவர்களுக்கு வருகிற எல்லாமே வந்துவிட்டது. ஃபேன் இரையும். கொஞ்சம் சூடேறினால் தானாக அணைந்துவிடும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி பழைய வருஷம் ஒன்றுக்குப் போய் நின்றுகொள்ளும். புது பேட்டரி போடச் சொல்லி மகள் நச்சரித்தாள். எனக்கும் அதே வியாதிதான் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தொடரை நான் அதில்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் லைனில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்போம். அந்தப் பழக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் வைத்தேன். வருஷமெல்லாம் உழைக்கிறதே என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். முன் பக்கச் சல்லடையில் வைத்த குங்குமத்தை ஃபேன் உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷப் பூஜை முடிந்து, மழை பிடித்து, ஈரம் ஏறியதும், ஒரு காலை ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டாக இருந்தது. பெட்டி மட்டும் நீளமாக, விட்டு விட்டு அழுதது.

"இத்த காயலான் கடைல போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கு" என்றார் வீட்டுக்காரர். நான் ரீட்டாவைக் கூப்பிட்டேன். ரீட்டா குமுதாவைக் கூப்பிட்டாள். நாகம்மா இப்போது ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு ஓவர்டைம் என்கிற ஓ.டி., அதனால் வர முடியவில்லை.

எல்லாரும் செய்தோம், எல்லாம் செய்தோம்

மூடியைக் கழற்றியதும் குமுதா வாயில் கை வைத்தாள். "இன்னாடி வசந்தி, உள்ள ஒரு கோயிலே கீது?" ஃபேன், போர்டு, வயர், பள்ளம் எல்லாம் சிவப்பாக ஒரு பூச்சு. மேலே தூசி, நடுவில் திட்டுத் திட்டாகக் குங்குமம். ரீட்டா சிரித்துச் சிரித்து இருமினாள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். பெயின்ட் அடிக்கிற பிரஷால் தூசி தட்டினோம். மகளின் அழிரப்பரால் ராம் பட்டையின் தங்கப் பற்களை நான் தேய்த்தேன். போர்டைத் தொடுவதற்கு முன்னால் ரீட்டா எழுந்து போய் ஜன்னல் கம்பியை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்தாள். உடம்பில் இருக்கிற கரண்ட் போர்டில் இறங்கக் கூடாது என்று லைனில் கையில் எர்த் வயர் கட்டியிருப்போம். வயர் இல்லாததால் ஜன்னல் கம்பி. நாங்கள் யாரும் ஒன்றையும் மறக்கவில்லை.

பிறகு பூட்டினோம். யாரும் சொல்லாமலே வரிசையாக உட்கார்ந்தோம். குமுதா சப்ளைப் பெட்டியை மாட்டி நகர்த்தினாள். ரீட்டா போர்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். நான் ராம் அமுக்கினேன். டிஸ்க்கு வயரும் பெரிய பட்டை வயரும் கழற்றும்போது என் கையில் வந்தவை, அதனால் அவற்றை நானே சொருகினேன். மூடி போடாமலே ஸ்விட்சைத் தட்டினோம்.

ஃபேன் சுற்றியது. வேறு ஒன்றும் இல்லை. திரை இருட்டு. இப்போது அழுகைகூட இல்லை.

"மின்னாடி கத்திக்கினாச்சும் இருந்துச்சு" என்றாள் குமுதா மெதுவாக. "இப்ப சாவடிச்சுட்டமா?"

இரண்டு தடவை கழற்றிப் பூட்டினோம். அதே கதைதான். கறிக்குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்து ரீட்டா எழுந்து ஓடினாள். அடுப்படியிலிருந்தே சொன்னாள். "இசக்கி இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பா."

குமுதா என்னைப் பார்த்தாள். "போனப் போடு" என்றாள். "பழச பேச வேணாம். மெஷினப் பத்தி மட்டும் கேளு. அத்த கேட்டா வெச்சிட மாட்டா."

"வெச்சிட்டா?"

"வெச்சிட்டா வெச்சிட்டா. நீ போடு."

போனில்

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் போர்வை மேல் வைத்தேன். எடுத்ததும் சேவல் சத்தமும், யாரோ ஷாம்பு பாக்கெட் கேட்கிற சத்தமும் கேட்டன. அவள் வீட்டோடு பெட்டிக்கடை வைத்திருக்கிறாள் என்று ரீட்டா சொல்லியிருந்தாள்.

"ஆரு?"

"வசந்தி பேசறேன், இசக்கி." நான் அவசரமாகச் சொன்னேன். "பழசு பேச போன் பண்ணல. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு. எங்களால கண்டுபிடிக்க முடியல. அதான்."

நெடுநேரம் சேவல் மட்டும்தான் கூவியது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். ரீட்டா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள், ஜெபம் பண்ணினாள் போலிருக்கிறது.

"பீப்பு வருதா?" என்றாள் இசக்கி.

குமுதாதான் பதில் சொன்னாள். "வர்ல. ஃபேன் சுத்துது. அவ்ளோதான்."

"ஆரு, குமுதாக்காவா?" பிறகு கடைக்காரக் குரலில், "தம்பி, செத்த நில்லு, தாரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு எங்களிடம் வந்தாள். "போன கிட்ட வைங்க. சத்தத்தக் கேக்கேன்."

போனைத் திறந்த பெட்டிக்குள்ளேயே நீட்டினேன். ஃபேன் இரைந்தது. அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அமத்துங்க. வயர உருவிட்டுப் பேசுங்க. யாரு யாரு இருக்கிய அங்கன?"

"நான், ரீட்டா, குமுதா."

"நாகம்மாக்கா?"

"ஓ.டி."

"அப்போ மேல ஓரத்துல, பெரிய ஃபேன் பக்கத்துல, நாலு ஓட்ட உள்ள சின்ன சாக்கெட்டு இருக்கும்லா, அதுல வயரு இருக்கா, பாருங்க."

பார்த்தோம். சாக்கெட் காலியாக இருந்தது. மஞ்சளும் கருப்புமாக ஒரு வயர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது தொங்குவதை நாங்கள் மூன்று பேருமே பார்த்திருந்தோம். தொடவில்லை.

"அது நாகம்மா வேலைடி" என்றாள் ரீட்டா.

அந்தப் பக்கம் முதலில் ஒரு மூச்சு, பிறகு சிரிப்பு. இசக்கி சிரித்தாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம். "நாகம்மாக்கா ஓ.டி. முடிஞ்சு வாரது வரைக்கும் காத்திருப்பியளோ? ஆராவது ஒருத்தி சொருவுங்க. சூப்பர்வைசர் வந்தா நான் பேசிக்கிடுதேன்."

வயரை நான்தான் சொருகினேன். உண்மையாகவே வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மறுபடி கரண்ட் கொடுத்தோம். இப்போது பெட்டி நீளமாக, விட்டு விட்டு அழுதது. எங்களுக்கு அதுவே தேன் மாதிரி இருந்தது.

"இது ராம்" என்றாள் இசக்கி உடனே. "அமத்துங்க. வசந்தியக்கா, ஒரு பக்கத்துக் கிளிப்பு விழல."

"விழுந்துச்சு."

"விழல. எனக்குக் கேக்கு."

குனிந்து பார்த்தேன். விழவில்லை. பள்ளத்து ஓரத்தில் இன்னும் ஒரு துளி குங்குமம் கட்டியிருந்தது. ரீட்டா ஹேர்பின்னால் அதைச் சுரண்டி எடுத்தாள். நான் இரண்டு கட்டை விரலையும் வைத்து அமுக்கினேன். 'டக்'. இன்னொரு 'டக்'.

"ம்" என்றாள் போனில்.

குமுதா ஸ்விட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது. டிஸ்க் உள்ளே கரகரத்தது. பிறகு, சின்னதாக, ஒரே ஒரு பீப்.

நாங்கள் யாரும் அசையவில்லை. திரையில் எழுத்து வந்துகொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இனி அவள் வைத்துவிடலாம். மெஷினைப் பற்றிப் பேச ஒன்றும் பாக்கி இல்லை.

"பாஸ்" என்றாள் இசக்கி. ஷிப்ட்டில் பேசுகிற குரல், அப்படியே. "அடுத்தத தள்ளுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் வந்தது, அதுவும் சரியாக வரவில்லை. ரீட்டா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எங்களிடம் அடுத்தது என்று ஒன்று இல்லை. அந்தப் போர்வை மேல் இருந்தது ஒரே ஒரு கிழட்டு மெஷின். இப்படிப்பட்ட மெஷினைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடக் கூடாது, உயிர் போய்விடும் என்று எனக்கும் தெரியும்.

நான் கையை நீட்டி அதை அணைத்தேன். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினேன். ஃபேன் சுற்றியது, டிஸ்க் கரகரத்தது, பீப் வந்தது.

"பாஸ்" என்றாள் இசக்கி அழுதுகொண்டே.

குமுதா என் கையை நகர்த்திவிட்டு, தானே ஸ்விட்சை அணைத்தாள். "இரு இசக்கி," என்றாள், "அடுத்தது வருது."